பதினாலாவது காட்சி

முப்பத்தெட்டு நாளாக
இசக்கிராஜ் வாசலில் நிற்கிறான்.
கையில் பை. மழை வரப்போகிறது.
உள்ளே அவன் மனைவி அரிசி களைகிறாள்.
இனி அவன் திரும்ப மாட்டான் என்பது
எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.
ஏதாவது சொல்லிவிட்டால் போதும்,
பதினைந்தாவது காட்சிக்குப் போய்விடலாம்.

"உடம்பப் பாத்துக்கோ" என்று எழுதினேன்.
அடித்தேன்.
"நான் இல்லன்னாலும் நீ இருப்ப" என்று எழுதினேன்.
எழுதிய விரலையே அடிக்கத் தோன்றியது.
ஒருநாள் பேசாமலே அனுப்பிப் பார்த்தேன்.
தெருமுனை வரை போனவன்
திரும்பி வந்து அதே இடத்தில் நின்றுகொண்டான்.

தயாரிப்பாளர் தங்கப்பழம்
சுரண்டையில் அரிசி ஆலை வைத்திருக்கிறார்.
வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவார்.
"வாசலத் தாண்டிட்டானாம்மா?"
"இன்னும் இல்லண்ணாச்சி."
"சவம், பிடிச்சுத் தள்ளி விடு."

அறை வாடகை கட்ட முடியாமல்
புளியரையில் அக்கா வீட்டில் இருக்கிறேன்.
அக்கா கால்நடை ஆய்வாளர்.
மலைக்கு அந்தப் பக்கம் பறவைக் காய்ச்சல்.
சோதனைச் சாவடியில் நின்று
வருகிற டயருக்கெல்லாம் மருந்தடிக்க வைக்கிறாள்.
மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டுபோவதுதான்
நான் செய்கிற ஒரே உருப்படியான வேலை.
முட்டை மட்டும் வைப்பதில்லை.

அன்றைக்குச் சாரல்.
எஸ் வளைவில் இறங்கி வந்தது ஒரு கூண்டு லாரி.
கொல்லத்தில் கோழியை இறக்கிவிட்டு
வெறுங்கூண்டாய்.
கம்பி வலையெல்லாம் நனைந்த இறகு.
அக்கா தாளை வாங்கிப் படித்தாள்.
பீர்முகம்மது. அச்சன்புதூர்.

"கூண்டு வண்டி உள்ள வர முடியாதுண்ணே.
காலியா இருந்தாலும்."
"ஊரு அந்தா தெரியுது மேடம்."
அவர் கை காட்டிய பக்கம் நானும் பார்த்தேன்.
தென்னைதான் தெரிந்தது.
வண்டியை விட்டுவிட்டு நடக்கலாம்,
ஆனால் வண்டி முதலாளியுடையது.
முகக்கவசத்துக்குள் அக்கா என்ன செய்தாளோ,
தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

சண்டை வரும் என்று நினைத்தேன்.
நோட்டுப் புத்தகம் தானாகக் கைக்கு வந்ததைச்
சொல்ல வெட்கமாக இருக்கிறது.
அவர் லாரிப் படியில் உட்கார்ந்து
போனைக் காதில் வைத்தார்.

"நாந்தான்.
ஆமா, பக்கத்துல வந்துட்டேன்.
அங்க என்ன சத்தம், மோட்டாரா?
டேங்கு நிறைஞ்சிருக்கும், போய் அமத்து."
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.
"அமத்திட்டியா?
சரி."

அவ்வளவுதான்.
முன்னும் பின்னுமாய் மூன்று தடவை எடுத்து
வண்டியைத் திருப்பினார்.
இறகு ஒன்று காற்றில் எழும்பியது.
அதை நான் படத்தில் வைக்க மாட்டேன்.

"அந்த ஆளு சாப்ட்ருப்பானா" என்றாள் அக்கா.
தூக்குச்சட்டியில் பாதியை அப்படியே மூடினாள்.

வீட்டுக்கு வந்து எழுதினேன்.
இசக்கிராஜ் செருப்புக்குள் கால் நுழைக்கிறான்.
"மோட்டார அமத்திட்டியா?"
உள்ளேயிருந்து: "இன்னும் நிறையல."
"நிறைஞ்சதும் அமத்து."
போயே விட்டான்.
தங்கப்பழம் அண்ணாச்சி தள்ளாமலே.

ஆரியங்காவில் எந்த மரத்தடியிலோ
வண்டிக்குள் படுத்திருப்பார் பீர்முகம்மது.
அவரிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டது இது.

பதினைந்தாவது காட்சி.
வெளி. இரவு.
ஆள் யாருமில்லை.
மாடியிலிருந்து தண்ணீர் வழிகிற சத்தம்.

போய் அமத்துவாளா என்று தெரியவில்லை.
இன்னொரு முப்பத்தெட்டு நாள் ஆகலாம்.